நாக்கின் அடியில் ஓர் அரிய புற்றுநோய்: மரபணுத் தரவை வைத்து மருந்து தேர்ந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

நிகழ்வின் பின்னணி

கனடாவின் வான்கூவர் நகரில் 2007க்கும் 2009க்கும் இடையில் ஒரு முதியவருக்கு நாக்கின் அடிப்பகுதியில் வந்த புற்றுநோயையும், அதற்கு மருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட விதத்தையும் இந்தக் கட்டுரை பதிவு செய்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் புற்றுநோய் மருத்துவ அமைப்பும் அதன் மரபணுத்தொகுதி அறிவியல் மையமும் சேர்ந்து மேற்கொண்ட சிகிச்சை இது. 2010 ஆகஸ்டில் அவர்களே இதை 'ஜீனோம் பயாலஜி' ஆய்விதழில் விரிவாக வெளியிட்டார்கள். நோயாளியின் பெயர் அதில் இல்லை.

காலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். ஒரு நோயாளியின் புற்றுநோய் செல்லில் உள்ள மொத்த டி.என்.ஏ.வை, அதாவது மரபணுத்தொகுதி முழுவதையும் வாசித்ததாக முதல் ஆய்வுக் கட்டுரை வந்ததே 2008 நவம்பரில்தான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், இரத்தப் புற்றுநோய் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றியது அது. அதே பருவத்தில் வான்கூவரில் இன்னொரு படி ஏறினார்கள். வாசித்ததை வைத்து, சிகிச்சைக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு எந்த மருந்தைக் கொடுப்பது என்றும் முடிவெடுத்தார்கள்.

நாக்கில் வரும் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் அது புகையிலையோடும் மதுவோடும் தொடர்புள்ள செதிள் செல் வகையாக இருக்கும். இவருக்கு வந்தது சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளிலிருந்து தோன்றியிருக்கக்கூடிய அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் உருவாகும் புற்றுநோய். நாக்கைத் தாக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளே அரிதானவை. அவற்றிலும் இந்த வகை 20 முதல் 25 சதவீதம்தான். இவ்வளவு அரிய நோய்க்கு நூற்றுக்கணக்கானவர்களைத் திரட்டி மருந்துச் சோதனை நடத்த முடிவதில்லை. அதனால், நோய் பரவிவிட்டால் எந்த மருந்தைக் கொடுப்பது என்பதற்கு ஏற்கப்பட்ட வழிமுறை எதுவும் அப்போது இல்லை.

கட்டி கண்டறியப்பட்டதிலிருந்து நுரையீரல் பரவல் வரை

2007 ஆகஸ்டில், வயது எழுபதுகளின் பிற்பகுதியில் இருந்தும் நல்ல உடல்நலத்தோடு நடமாடிக்கொண்டிருந்த அவர், தொண்டையில் ஏதோ உறுத்துகிறது என்று மருத்துவரிடம் வந்தார். நாக்கின் இடப்புற அடியில் சுமார் 2 செ.மீ. அளவில் ஒரு கட்டி இருந்தது. அறுவைச் சிகிச்சையில் கட்டியோடு கழுத்தின் நிணநீர் முடிச்சுகளும் அகற்றப்பட்டன. முடிச்சுகள் சிலவற்றுக்கும் நோய் எட்டியிருந்தது. அடுத்து கதிர்வீச்சுச் சிகிச்சை. அது 2008 பிப்ரவரியில் முடிந்தது.

சில மாதங்கள் கழித்து எடுத்த வழக்கமான பெட்-சி.டி. ஸ்கேனில் நாக்குப் பகுதி தெளிவாக இருந்தது. ஆனால் இரண்டு நுரையீரல்களிலும் பல சிறு கட்டிகள் தெரிந்தன. கத்தியாலோ கதிர்வீச்சாலோ நோயைத் தீர்க்கும் கட்டம் அத்தோடு முடிந்துவிட்டது. இனி உடல் முழுவதும் சென்று சேரும் மருந்து ஒன்றுதான் வழி.

முதல் இலக்கு மருந்தின் தோல்வி

திசுப் பரிசோதனையில், செல்லின் வளர்ச்சியைத் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் கட்டியின் செல்களில் மிதமாகத் தெரிந்தது. அதைத் தடுக்கும் எர்லோட்டினிப் மாத்திரை நுரையீரல் புற்றுநோய்க்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. ஆகவே ஆறு வாரம் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் கட்டிகள் எல்லாமே வளர்ந்தன. அவற்றில் பெரியது 1.5 செ.மீ.யிலிருந்து 2.1 செ.மீ. ஆனது. மருந்து நிறுத்தப்பட்டது.

எர்லோட்டினிபைத் தேர்ந்ததில் பிழை காண்பது நியாயமல்ல. கையில் இருந்த ஒரே தடயம் அதுதான். ஆனால் ஒரு புரதம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் கட்டி அதை நம்பித்தான் பிழைக்கிறது என்று ஆகிவிடாது. அந்தப் புரதத்துக்குக் கீழே செல்லும் சமிக்ஞைப் பாதை வேறொரு காரணத்தால் தானாகவே இயங்கிக்கொண்டிருந்தால், மேலே தடுப்பதால் பயன் இல்லை. இவருடைய கட்டியில் அந்த வேறொரு காரணம் இருந்தது. அதைக் காட்டியது பின்னர் கிடைத்த மரபணுத் தரவு.

மரபணுத்தொகுதியை வாசிக்க எடுத்த முடிவு

இந்த இடத்தில் மருத்துவர்கள் முன்னால் இருந்த தெரிவுகள் குறைவு. ஆதாரம் இல்லாத பொதுவான கீமோதெரபி ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். வலியையும் மூச்சுத் திணறலையும் மட்டும் கவனித்துக்கொள்ளலாம். அல்லது கட்டியையே கேட்கலாம். நோயாளியோடு கலந்து பேசி, அவருடைய முழு ஒப்புதலோடு, மூன்றாவது வழிக்குச் சென்றார்கள். அல்ட்ராசவுண்ட் துணையோடு மெல்லிய ஊசியால் நுரையீரல் கட்டி ஒன்றிலிருந்து செல்கள் எடுக்கப்பட்டன. ஒப்பிடுவதற்காக அவருடைய இரத்தமும் எடுக்கப்பட்டது.

முதலில் அகற்றிய நாக்குக் கட்டியை விட்டு, நுரையீரலிலிருந்து ஊசியால் புதிதாகச் செல்களை எடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மருந்து எதிர்கொள்ள வேண்டியது இப்போது நுரையீரலில் இருக்கும் நோயை. ஆய்வகத்தில் ஃபார்மலினில் வைத்த பழைய திசுவில், மரபணு இயங்கும்போது உருவாகும் அதன் நகலான ஆர்.என்.ஏ. சிதைந்துபோய்விடும். இந்த நிகழ்வில் விடை ஆர்.என்.ஏ.வைத்தான் பெரிதும் நம்பியிருந்தது.

கணினியில் நடந்த வேலை

டி.என்.ஏ.வை வாசிக்கும் வரிசையாக்க இயந்திரம் தருவது கோடிக்கணக்கான சிறு எழுத்துத் துணுக்குகளை. அவை ஒவ்வொன்றும் மனித மரபணுத்தொகுதியில் எந்த இடத்துக்கு உரியவை என்று பொருத்துவதிலிருந்து உயிரித் தகவலியலாளரின் வேலை தொடங்குகிறது. வான்கூவர் குழு மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டது.

முதல் கேள்வி, எழுத்து எங்கே மாறியிருக்கிறது என்பது. ஒவ்வொருவரும் பிறக்கும்போதே பல இலட்சம் எழுத்து வேறுபாடுகளோடுதான் பிறக்கிறோம். கட்டியின் டி.என்.ஏ.வை நோயாளியின் இரத்தத்தோடு ஒப்பிட்டு அவற்றைக் கழித்தால், கட்டிக்கு மட்டுமே உரிய திடீர்மாற்றங்கள் மிஞ்சும். இங்கே புரதத்தை மாற்றக்கூடியதாக மிஞ்சியவை நான்கு மரபணுக்களில்தான். டி.பி.53, ஆர்.பி.1 ஆகிய இரண்டும் அவற்றில் அடக்கம். இவை கட்டியை அடக்கிவைக்கும் மரபணுக்கள். பழுதானால் புற்றுநோய் வளரும். ஆனால் பழுதான ஒன்றைச் சரிசெய்யும் மருந்து கிடையாது. அதிகமாக இயங்கும் ஒன்றைத் தடுக்கத்தான் மருந்துகள் இருக்கின்றன. திடீர்மாற்றப் பட்டியலோடு நின்றிருந்தால், 'பயன்படுத்தத்தக்க மாற்றம் எதுவும் இல்லை' என்ற ஒற்றை வரி அறிக்கையோடு இந்த நிகழ்வு முடிந்திருக்கும்.

இரண்டாவது கேள்வி, எந்தப் பகுதிகள் கூடுதலாகப் படியெடுக்கப்பட்டிருக்கின்றன என்பது. இயல்பான செல்லில் ஒரு மரபணுவுக்கு இரண்டு படிகள் இருக்கும். இந்தக் கட்டியில் படிகள் கூடியிருந்த பகுதிகளுக்குள் 7,629 மரபணுக்கள் இருந்தன. புரதம் உருவாக்கும் மனித மரபணுக்களே மொத்தம் ஏறத்தாழ 20,000 என்பதை நினைத்தால், இந்தப் பட்டியலால் தனியாக என்ன பயன் என்பது புரியும். எல்லாரும் சந்தேகத்துக்கு உரியவர்கள் என்றால் யாரைப் பிடிப்பது?

மூன்றாவது கேள்விதான் வழியைத் திறந்தது. எந்த மரபணுக்கள் உண்மையில் மும்முரமாக இயங்குகின்றன? இதை ஆர்.என்.ஏ. அளவு சொல்லும். ஆனால் அதிகம் என்று சொல்ல எதனோடாவது ஒப்பிட்டாக வேண்டும். ஆரோக்கியமான உமிழ்நீர்ச் சுரப்பித் திசுவின் அளவுகள் அவர்களிடம் இல்லை. ஆகவே நோயாளியின் இரத்தத்தோடும், அந்த மையம் ஏற்கெனவே வாசித்து வைத்திருந்த தொடர்பில்லாத வேறு கட்டிகளோடும் ஒப்பிட்டார்கள். 1,078 மரபணுக்கள் கூடுதலாக வெளிப்பட்டிருந்தன, அதாவது அவற்றின் ஆர்.என்.ஏ. அளவு கூடியிருந்தது.

மூன்று பட்டியல்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, அவற்றைச் சமிக்ஞைப் பாதைகளோடும் மருந்து இலக்குகளின் தரவுத்தளத்தோடும் பொருத்தியபோது 'ரெட்' என்ற மரபணு தனித்துத் தெரிந்தது. 'ரெட்' புரதம் செல்லின் மேல்பரப்பில் நின்று வளர்ச்சிக்கான கட்டளையை உள்ளே அனுப்பும் ஒரு கைனேஸ், அதாவது மற்றப் புரதங்களை முடுக்கிவிடும் நொதி. தைராய்டின் சில புற்றுநோய்களுக்கு அதுவே காரணம் என்பது 1990களிலிருந்தே தெரிந்த செய்தி. இங்கே அதன் படிகளும் கூடியிருந்தன, வெளிப்பாடும் உயர்ந்திருந்தது. கூடவே 'பிடென்' மரபணு இழக்கப்பட்டிருந்தது. ஏ.கே.டி. என்ற வளர்ச்சிப் பாதையை அடக்கிவைப்பது பிடெனின் வேலை. அது இல்லாத செல்லில், மேலே ஈ.ஜி.எஃப்.ஆரைத் தடுத்தாலும் கீழே ஏ.கே.டி. ஓய்வதில்லை. எர்லோட்டினிப் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இது பொருத்தமான விளக்கம்.

சுனிட்டினிபைத் தேர்ந்ததன் காரணம்

'ரெட்'டை மட்டும் குறிவைக்கும் மருந்து 2008இல் கிடையாது. ஆனால் பல கைனேஸ்களை ஒருசேரத் தடுக்கும் இரண்டு மருந்துகள் 'ரெட்'டையும் தடுத்தன. சிறுநீரகப் புற்றுநோய்க்கு 2005 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோராஃபெனிப் ஒன்று. 2006 ஜனவரியில் அனுமதி பெற்ற சுனிட்டினிப் மற்றொன்று. இந்த மருந்துகள் தடுக்கும் மற்ற புரதங்களின் மரபணுக்களும் இந்தக் கட்டியில் படி கூடியோ வெளிப்பாடு கூடியோ இருக்கும் போக்குக் காணப்பட்டது. அதாவது தேர்வு ஒரே மரபணுவின் மேல் நிற்கவில்லை. மருந்தின் மொத்த இலக்குப் பட்டியலும் கட்டியின் மொத்த நிலையும் பொருந்துகின்றனவா என்று பார்த்தார்கள். பல இலக்குகள் கொண்ட மருந்துக்கு இதுதான் நேர்மையான அணுகுமுறை.

2008 அக்டோபர் இறுதியில் நாள் ஒன்றுக்கு 50 மி.கி. சுனிட்டினிப் தொடங்கப்பட்டது. நாக்குப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்படாத மருந்து அது. நோயாளிக்கும் அது தெரியும்.

சிகிச்சையின் போக்கு

மருந்து தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் நுரையீரல் கட்டிகள் 16 சதவீதம் வளர்ந்திருந்தன. நான்கு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் அவை 22 சதவீதம் சுருங்கியிருந்தன. புதிய கட்டி எதுவும் இல்லை. பக்கவிளைவுகள் வந்ததால் அளவு 37.5 மி.கி.க்குக் குறைக்கப்பட்டது, மருந்து தொடர்ந்தது.

22 சதவீதம் என்ற எண்ணை அதன் அளவிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். கட்டியின் சுருக்கத்தை அளக்க உலகெங்கும் பின்பற்றப்படும் 'ரெசிஸ்ட்' விதிகளின்படி 30 சதவீதம் சுருங்கினால்தான் பகுதி நிவாரணம். அதற்குக் குறைந்தால் அதன் பெயர் 'நிலைப்பட்ட நோய்'. ஆய்வுக் கட்டுரையும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இத்தனை புதுமையான ஒரு முயற்சியை இன்னும் பெரிய சொற்களால் அறிவிக்கும் ஆசை யாருக்கும் வரும்.

நான்கு மாதம் நோய் கட்டுக்குள் இருந்தது. பிறகு நுரையீரல் கட்டிகள் மீண்டும் வளரத் தொடங்கின. சுனிட்டினிபை நிறுத்திவிட்டு, சோராஃபெனிபையும் சுலிண்டாக் என்ற அழற்சி குறைக்கும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சோராஃபெனிப் 'ரெட்'டோடு, அதற்குக் கீழே எம்.ஏ.பி.கே. என்ற மற்றொரு வளர்ச்சிப் பாதையில் இருக்கும் 'ராஃப்' புரதத்தையும் தடுக்கும். நோய் இன்னும் மூன்று மாதம் நிலைத்து நின்றது. அதன்பின் நோய் முன்னேறியது. புதிய இடங்களிலும் கட்டிகள் தோன்றின.

இரண்டாவது வாசிப்பு

மருந்தை மீறி மீண்டெழுந்த பரவல் கட்டி ஒன்றை எடுத்து, அதே மூன்று கேள்விகளையும் மறுபடி கேட்டார்கள். இந்த நிகழ்வை மற்ற பல வெற்றிக் கதைகளிலிருந்து வேறுபடுத்துவது இந்தப் படிதான்.

படி கூடிய பகுதிகளில் இப்போது 7,288 மரபணுக்கள் இருந்தன. மற்ற கட்டிகளோடு ஒப்பிட்டால் 385 மரபணுக்களின் வெளிப்பாடு உயர்ந்திருந்தது. முன்பு இல்லாத ஒன்பது புதிய திடீர்மாற்றங்கள் புரத மரபணுக்களில் வந்திருந்தன. சிகிச்சைக்கு முன் மொத்தமே நான்குதான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாற்றங்களின் போக்கு எம்.ஏ.பி.கே., ஏ.கே.டி. பாதைகள் இரண்டும் முடுக்கப்பட்டதைக் காட்டியது. 'ரெட்' கட்டளையை உள்ளே கொண்டுசெல்லும் முக்கியமான இரண்டு பாதைகள் இவைதாம். வாசலை அடைத்ததும் நோய் வீட்டுக்குள்ளிருந்தே வேறு வழி தேடிக்கொண்டது போலத்தான் இது.

அந்த ஒன்பது மாற்றங்களும் மருந்து வந்த பிறகு பிறந்தவையா, முன்பே சிறிய எண்ணிக்கையிலான செல்களில் ஒளிந்திருந்து மருந்தால் வடிகட்டி எடுக்கப்பட்டவையா என்பதை ஓர் ஊசி மாதிரியிலிருந்து முடிவு செய்ய முடியாது. எப்படியானாலும் மருந்தின் அழுத்தத்தால் ஒரே உடலுக்குள் புற்றுநோய் பரிணமிப்பதற்கு நேரடி மரபணுச் சான்று கிடைத்தது. முதல் வாசிப்பின் விடை சில மாதங்களுக்கு மட்டுமே செல்லும் என்பதும் தெளிவாயிற்று.

இந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம்

'ரெட்'டைத் தடுத்ததால்தான் கட்டி சுருங்கியது என்று இந்த ஒரு நிகழ்வை வைத்து நிறுவ முடியாது. சுனிட்டினிப் கட்டிக்கு இரத்தக் குழாய்கள் உருவாவதையும் தடுக்கும். மரபணுவே பார்க்காமல் இந்த மருந்தைக் கொடுத்திருந்தாலும் ஓரளவு பலித்திருக்கலாம் என்ற எதிர்வாதத்துக்கு இந்தத் தரவில் மறுப்பு இல்லை. கணிப்புக்கு ஆதரவாக நிற்பவை இரண்டு. ஒன்று, வளர்ந்துகொண்டிருந்த கட்டி மருந்து தொடங்கியதும் திசை மாறியது. மற்றொன்று, கட்டிக்கு மருந்தை எதிர்க்கும் தன்மை வந்தபோது அது 'ரெட்'டின் கீழ்ப்பாதைகளிலேயே வந்தது. என் பார்வையில் இரண்டாவதே வலுவான சான்று.

பெரிய எண்ணிக்கையில் சோதித்தபோது வந்த செய்தி கலவையானது. 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், கட்டியின் மூலக்கூறு விவரப்படி மருந்து பெற்ற 66 பேரில் 18 பேருக்கு, முந்தைய சிகிச்சையைவிட நோய் குறைந்தது 1.3 மடங்கு நீண்ட காலம் கட்டுப்பட்டது. பிரான்சில் நடந்த 'ஷிவா' சோதனை 195 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தது. 2015இல் வந்த அதன் முடிவின்படி, மூலக்கூறு வழியில் தேர்ந்த மருந்தைப் பெற்றவர்களுக்கு நோய் கட்டுப்பட்டிருந்த காலத்தின் இடைநிலை 2.3 மாதம், மருத்துவர் விருப்பப்படி சிகிச்சை பெற்றவர்களுக்கு 2.0 மாதம். வேறுபாடு இல்லை என்றே பொருள். ஷிவாவில் ஆர்.என்.ஏ. வாசிப்பு இல்லை என்பதையும், மாற்றத்துக்கும் மருந்துக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற எளிய பொருத்தமே பயன்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த மையத்தில் பின்னர் நிகழ்ந்தவை

இந்த நிகழ்வின் அனுபவம் கரையவில்லை. 2012இல் அதே அமைப்பு, பரவிய புற்றுநோய் கொண்டவர்களின் மரபணுத்தொகுதியையும் ஆர்.என்.ஏ.வையும் சேர்த்து வாசிக்கும் ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் 570 நோயாளிகளின் விவரங்கள் 2022இல் வெளியாயின. 83 சதவீதம் பேரிடம் மருந்துக்கு வழிகாட்டும் ஏதோ ஒரு தடயம் கிடைத்தது. அவர்களில் 37 சதவீதம் பேர்தான் அதன்படி சிகிச்சை பெற்றார்கள். அப்படி அளித்த 248 சிகிச்சைகளில் 46 சதவீதம் நோயாளிக்குப் பயன் தந்தன.

அந்த 248இல் 67 சதவீதச் சிகிச்சைகளுக்கு ஆர்.என்.ஏ. தரவு பங்களித்தது, 25 சதவீதத்துக்கு ஆர்.என்.ஏ. மட்டுமே காரணம். 2008இல் நாக்குப் புற்றுநோய் கொண்ட அந்த ஒருவரிடம் கண்டது தற்செயல் அல்ல. இன்றும் பல இடங்களில் நோயாளிக்குக் கிடைப்பது சில நூறு மரபணுக்களின் திடீர்மாற்றங்களை மட்டும் பார்க்கும் பரிசோதனை. அதில் 'எதுவும் இல்லை' என்று வந்தால், அந்தப் பரிசோதனை கேட்ட கேள்விக்கு விடை இல்லை என்பதுதான் பொருள். கட்டியைப் பற்றிய கடைசிச் சொல்லாக அதை நோயாளியிடம் சொல்வது எனக்கு மனவருத்தம் தருகிறது.

இன்று செய்தால் மாறுபவை

ஒப்பீட்டுத் திசு முதலில் மாறும். இரத்தத்தோடு சுரப்பிக் கட்டியை ஒப்பிட்டால், சுரப்பித் திசுவுக்கு இயல்பான மரபணுக்கள்கூட 'அதிகம்' என்று தோன்றும். வேறு கட்டிகளோடும் ஒப்பிட்டது இந்தப் பிழையைக் குறைத்தது, முழுமையாக நீக்கவில்லை. இன்று பொதுவில் கிடைக்கும் 'ஜீடெக்ஸ்' தரவுத்தொகுப்பில் சிறு உமிழ்நீர்ச் சுரப்பியின் இயல்பான வெளிப்பாடே இருக்கிறது.

அடுத்தது, இரு மரபணுக்கள் ஒட்டிப் பிறக்கும் இணைவுகளைத் தேடுவது. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்க்கு 'என்டிஆர்கே3' இணைவே காரணம் என்பது 2010இல்தான் விவரிக்கப்பட்டது. அதைத் தடுக்கும் லாரோட்ரெக்டினிப் 2018 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த நோயாளிக்கு அது இருந்தது என்று சொல்லவரவில்லை. இதேபோன்ற கட்டி இன்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அது.

'ரெட்'டை மட்டும் குறிவைக்கும் செல்பெர்காடினிப் 2020 மே மாதம் வந்தது. 2022 செப்டம்பரில், உறுப்பு எதுவானாலும் 'ரெட்' இணைவு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவில் அனுமதி விரிந்தது. அனுமதி இணைவுக்குத்தான். இவரிடம் இருந்ததைப் போன்ற படிப்பெருக்கத்துக்கு இல்லை. ஆகவே புதிய மருந்து வந்துவிட்டதால் இவருடைய நிலையில் இருக்கும் ஒருவருக்கு வழி தானாகத் திறந்துவிடாது. அப்போதும் அனுமதிக்கு வெளியே முடிவெடுத்தாக வேண்டும்.

எதிர்ப்பைக் காணும் நேரமும் மாறும். அன்று நோய் வெளிப்படையாக முன்னேறிய பிறகே இரண்டாவது மாதிரி எடுக்க முடிந்தது. இன்று இரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ.வை இடையிடையே பார்க்கலாம். எம்.ஏ.பி.கே. பாதையைத் தடுக்கும் டிராமெட்டினிப் போன்ற மருந்துகள் 2013க்குப் பிறகு கையில் இருக்கின்றன. முதியவர் ஒருவர் இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தாங்குவாரா என்பது தனிக் கேள்வி.

கடைசியாக, மருந்து தொடங்குவதற்கு முன்பே கணிப்பை எழுதி வைக்க வேண்டும்: எந்த இலக்கு, எத்தனை வாரத்தில் எவ்வளவு மாற்றம், எதைப் பயன் என்று ஏற்பது, எதைக் கண்டால் நிறுத்துவது. நோயாளி ஒப்புதல் தரும்போது அந்தத் தாளின் ஒரு பிரதி அவர் கையிலும் இருக்க வேண்டும்.